உத்தரத்தில் குடியேறிய கருவண்டு

வண்டும் மரமும் மனிதரோடு பேசிப் பழகிய அந்தக் காலத்தில், கரிசல் காட்டு ஓரத்து ஊர் ஒன்றில் கொம்பையா என்ற கடைசல்காரன் இருந்தான். தொட்டில் கால், மத்து, பம்பரம், கிணற்று உருளை என்று உருண்டையாக எது வேண்டுமானாலும் ஊரார் அவனிடம்தான் வருவார்கள். அவன் பட்டறை என்பது ஒரு வேப்ப மரத்து நிழலும், எதிரெதிரே நட்ட இரண்டு முளைகளும்தான். முளைகளில் பதித்த இரும்பு முனைகளுக்கு நடுவே கட்டையைப் பூட்டி, அதன்மேல் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். கயிற்றின் இரு நுனிகளையும் அவன் மனைவி மாடத்தி மாற்றி மாற்றி இழுப்பாள். கட்டை அவனை நோக்கிச் சுழலும்போது கொம்பையா உளியை வைப்பான்; எதிர்ப்பக்கம் சுழலும்போது எடுத்துவிடுவான். வாய் திறந்து எதுவும் சொல்லிக்கொள்ளாமலே இருவர் கையும் ஒத்துப்போகும்.

ஒரு கோடையின் தொடக்கத்தில் கருவண்டு ஒன்று அவனைத் தேடி வந்தது. பட்டறை ஓரத்தில் பூவரசங்கட்டை ஒன்று இரண்டு வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதில் முட்டையிட இடம் தரும்படி வண்டு கேட்டது. குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்து வெளியே வர நாற்பது நாள் ஆகும் என்றும் சொன்னது. நாற்பது நாளும் அந்தக் கட்டையில் உளி படாது என்று கொம்பையா வாக்குக் கொடுத்தான்.

வண்டு கட்டையின் நடுவில், விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை போட்டு உள்ளே போனது. மகரந்தத்தைக் கொண்டுவந்து உருண்டை பிடித்து வைத்தது. ஒவ்வோர் உருண்டை மேலும் ஒரு முட்டையிட்டு, மரத்தூளைக் குழைத்து இடையில் சுவர் எழுப்பியது. மொத்தம் ஏழு அறைகள். காலையில் எழுந்ததும் கட்டைப் பக்கம் போய் வண்டோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் மாடத்தி அடுப்பு மூட்டுவாள்.

இருபத்தாறாம் நாள் ஊர்க் கிணற்றின் உருளை இரண்டாகப் பிளந்தது. கிணறு இருபது ஆள் ஆழம். உருளை இல்லாமல் இழுத்துப் பார்த்தார்கள். விளிம்புக் கல்லில் உராய்ந்து கயிறு அறுந்தது. குளம் வற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது. வெயில் ஏறுவதற்குள் வெறுங்குடங்களோடு பெண்கள் பட்டறை முன்னால் வந்து நின்றார்கள். பிள்ளை பெற்று ஒன்பது நாளே ஆன தன் தங்கை ஜுரத்தில் கிடக்கிறாள், அவள் வாயை நனைக்கக்கூட வீட்டில் தண்ணீர் இல்லை என்று செம்பாயி என்பவள் சொன்னாள்.

கொம்பையா தன்னிடம் இருந்த கட்டைகளைப் புரட்டிப் பார்த்தான். எல்லாம் போன மாதம் வெட்டியவை, ஈரம் போகாதவை. ஈரக் கட்டையில் கடைந்த உருளை அந்த வெயிலுக்கு இரண்டு நாள் தாங்காது. வாளி பாதிக் கிணற்றில் தொங்கும்போது வெடித்தால் இழுக்கிறவர்களையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடும். காய்ந்தது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அவன் கண் போன திசையை மாடத்தி பார்த்தாள். வண்டு அப்போது ஆவாரங்காட்டுக்கு இரை தேடிப் போயிருந்தது.

"உச்சிப் பொழுதுக்குள்ளே அது வந்துரும். ஒரு வார்த்தை கேட்டுட்டு உளியை எடுங்க" என்றாள்.

கொம்பையா நின்றிருந்த பெண்களைப் பார்த்தான். மரத்தைப் பற்றித் தனக்குத் தெரியாததா என்று நினைத்தான். துளை நடுவில் இருக்கிறது, நேராக உள்ளே போய் முடிந்திருக்கும். கட்டையின் வலக்கோடியில் மட்டும் கடைந்து அறுத்து எடுத்தால் குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு விளக்கினான். கட்டையைத் தூக்கிப் பூட்டினார்கள்.

முதலில் பட்டை போனது. பிறகு வலக்கோடி உருண்டையானது. கயிறு ஓடுவதற்கான பள்ளத்தைக் குழி உளியால் தோண்டத் தொடங்கியபோது மரத்தின் ஓசை மாறியது. மாடத்தி கயிற்றை நிறுத்தினாள்.

"உள்ளே பொள்ளல் இருக்கு. கயிறு இழுக்கிறப்போ கைக்குத் தெரியுது."

இன்னும் இரண்டே இழுப்பு, பள்ளம் முடிந்துவிடும் என்றான் அவன். அவள் இழுத்தாள்.

உளி உள்ளே இறங்கியது. வெள்ளைச் சுருள்களுக்கு நடுவே மஞ்சள் தூள் பறந்து வந்து அவள் மடியில் விழுந்தது. அதோடு, கண் திறவாத குஞ்சுகளும் விழுந்தன. ஏழில் நான்கு மட்டுமே முழுசாக இருந்தன. எதிலும் உயிர் இல்லை.

குடங்களோடு நின்றவர்களுக்கு நடந்தது புரியவில்லை. கொம்பையா கட்டையைத் திருப்பிப் பூட்டி, இடக்கோடியில் உளியை வைத்தான். அந்தப் பக்கம் மரம் கெட்டியாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. உருளையை அறுத்து எடுக்கும் வேளையில் வண்டு திரும்பி வந்தது.

அது மாடத்தியின் மடியில் இறங்கி, ஒவ்வொரு குஞ்சாகத் தொட்டுப் பார்த்தது. பிறகு கட்டையின் மேல் போய் உட்கார்ந்தது.

"உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பி, மரத்தின் நார் போகிற வழியாகவே வீடு கட்டினேன்" என்றது. "இடப்பக்கம் முழுவதும் சும்மாதான் கிடந்தது. கேட்டிருந்தால் நானே காட்டியிருப்பேன்."

"ஊர் தாகத்திலே நின்னுது, தாயே" என்றான் கொம்பையா.

"ஊருக்குக் கொடுக்காதே என்று நான் சொல்லியிருப்பேனா?"

அவன் உருளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றில் மாட்டினான். தண்ணீர் வந்தது. செம்பாயியின் தங்கைக்கு மூன்றாம் நாள் ஜுரம் இறங்கியது. கொம்பையா இல்லாவிட்டால் ஊர் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றான்.

அவன் வீடு திரும்பியபோது, கூரையைத் தாங்கும் உத்தரத்தை வண்டு துளைத்துக்கொண்டிருக்க, அதிலிருந்து மாவு போல மரத்தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. காட்டில் எத்தனையோ பட்ட மரம் நிற்க இங்கே வந்து துளை போடுவானேன் என்று மாடத்தி அழுதுகொண்டே கேட்டாள்.

"உங்கள் தலைக்கு மேலே இருக்கிற மரத்தில் உன் புருஷன் உளி வைக்க மாட்டான்" என்றது வண்டு. அதன் பிறகு அது பேசவில்லை. சேதி கிளைக்குக் கிளை போய், மரங்களும் பேச்சை நிறுத்திக்கொண்டன.

ஒரு மாதம் கழித்துக் கொம்பையா வேறொரு கட்டையை எடுத்தான். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான். பதில் வரவில்லை. விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டான். மறுகோடியில் மாடத்தி காதை வைத்துக் கேட்டாள். இரண்டு பேரும் சரி என்று தலையசைத்த பிறகே கட்டை முளைக்குப் போனது.

கடைசல் பிடிப்பவர்கள் எந்தக் கட்டையையும் பூட்டுமுன் இரண்டு கோடியிலும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பது அன்று முதல்தான். கருவண்டு காட்டை விட்டு மனிதர் வீட்டு உத்தரத்தைத் தேடி வருவதும், உள்ளிருந்து ரீங்காரம் மட்டும் கேட்பதும் அன்று முதல்தான்.