எல்லா மரத்தையும் தட்டும் பறவை

அந்தக் காலத்தில் பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மழைக்காலத்துத் தானியத்தை யாரும் கூட்டில் வைத்துக்கொள்வதில்லை. நனைந்து முளைத்துவிடும். மரப்பொந்துகளைக் காக்கும் அணில்களிடம் கொடுத்து வைப்பார்கள். அணில்கள் பாதியைப் பொந்திலேயே வைத்துக்கொண்டு, மீதியைக் குஞ்சு பொரித்துச் சிரமப்படுகிறவர்களுக்குக் கைமாற்றாகக் கொடுத்து, மெல்ல மெல்லத் திரும்ப வாங்கும்.

ஓடைக்கு இக்கரைப் பொந்துகளை மேற்பார்வை பார்க்கும் வேலை மரங்கொத்திக்குக் கிடைத்தது. அது புழு தின்கிற பறவை, தானியத்தின் மேல் ஆசை கிடையாது. அலகால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடும். ஆனால் ஒழுங்கான அணில்களை எதற்குத் தொந்தரவு செய்வது என்று அதற்கு ஒரு தயவு. சந்தேகம் வந்த மரத்தை மட்டும்தான் போய்த் தட்டும்.

ஒருநாள் காலை, இலுப்பை மரத்து அணில் கைமாற்றில் கொஞ்சம் தாராளம் காட்டுவதாகக் காதில் விழுந்தது. மரங்கொத்தி போய்த் தட்டிப் பார்த்தது. உள்ளே இருக்க வேண்டிய பாதி சரியாக இருந்தது. நிம்மதியாகத் திரும்பிவிட்டது.

அதை ஒரு மைனா பார்த்துவிட்டது. மரங்கொத்தியே வந்து தட்டுகிறது என்றால் பொந்து காலியாகத்தான் இருக்கும் என்று ஊர் முழுக்கச் சொன்னது. உச்சி வெயிலுக்குள் கொடுத்து வைத்ததைத் திருப்பிக் கேட்டு இக்கரையே இலுப்பை மரத்தடியில் நின்றது. பொந்து நன்றாகத்தான் இருக்கிறது என்று மரங்கொத்தி தொண்டை வறளக் கத்தியும் யார் காதிலும் ஏறவில்லை. அணில் அள்ளி அள்ளிக் கொடுத்தது. உள்ளே இருந்ததே பாதிதான், சாயங்காலத்துக்குள் துடைத்தாற்போல் ஆகிவிட்டது.

கடைசியில் வந்தது காடை. நான்கு குஞ்சுகளை நடத்திக் கூட்டிவர நேரமாகிவிட்டது. அதன் தினை அத்தனையும் அந்தப் பொந்தில்தான் இருந்தது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"நீங்க தட்டினது தப்பில்லண்ணே," என்றது காடை. "எங்க பொந்த மட்டும் தட்டினீங்களே, அதுதான் தப்பு."

மரங்கொத்திக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள் கூட்டம், அடுத்துக் காலியாகப் போவது இதுதான் என்று, மருத மரத்துப் பக்கம் நகர்ந்துவிட்டது. மருதத்தை மட்டும் தட்டினால் என்ன ஆகும் என்று இப்போது அதற்குத் தெரியும். எனவே புளியைத் தட்டியது, நாவலைத் தட்டியது, மருதத்தைத் தட்டியது, பொந்தே இல்லாத இளமரங்களையும் விடவில்லை.

எந்த மரம்தான் காலி என்று மைனா கேட்டது.

"எல்லாத்தையும்தான் தட்டுறேன். நாளைக்கும் தட்டுவேன்," என்றது மரங்கொத்தி.

எந்த மரத்துக்கு ஓடுவது என்று தெரியாமல் கூட்டம் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுக் கலைந்தது. மருதம் தப்பியது. அன்றே மழை பிடித்துக்கொண்டது. கூட்டில் கிடந்த தானியம் முளைவிடத் தொடங்கியதும், மிச்சத்தை எல்லோரும் இலுப்பைக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். காடைக்கும் அதன் தினை கிடைத்தது. ஆனால் நான்கு குஞ்சு அதற்குள் மூன்றாகிவிட்டது.

அன்று முதல்தான் மரங்கொத்தி, நல்ல மரம் பட்ட மரம் பார்க்காமல், எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே போகிறது. எந்தப் பறவையும் தலை திருப்பிப் பார்ப்பதில்லை. காடை மட்டும் புல்லுக்குள் நடையை நிறுத்தி, குஞ்சுகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொள்ளும்.