எல்லை தாண்டிய மெத்தை

முன்னொரு காலத்தில், ராஜாவின் மெத்தை வெயிலுக்கு வந்தால்தான் கடைத்தெரு திறக்கும் என்று வழக்கம் வைத்திருந்த ஒரு நாட்டில், நல்லரையன் என்ற ராஜா இருந்தார். சிரிக்க வேண்டாம், வழக்கம் அப்படி. ராஜா விழித்துக்கொண்டார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டாமா? அவருடைய இலவம்பஞ்சு மெத்தையை அரண்மனையின் கிழக்கு மதில்மேல் காயப் போடுவார்கள். முரசு ஒருமுறை ஒலிக்கும். உடனே கீரைக்காரி கூடையை இறக்குவாள், எண்ணெய்க் கடைக்காரர் பலகையை எடுப்பார்.

நல்லரையன் தங்கமான மனிதர்தான். ராணி போய்ச் சேர்ந்த பிறகு தூக்கம் வரவில்லை என்று ஒரு கிண்ணம் மது குடிக்க ஆரம்பித்தார். கிண்ணம் சொம்பாயிற்று, சொம்பு குடமாயிற்று. அந்தக் குடத்தை மறக்காமல் தினமும் நிரப்பி அனுப்பியவர் பிரதானி வீரபத்திரர். ராஜா தள்ளாடுகிற நேரம் பார்த்து ஓலையை நீட்டினால் முத்திரை தானாக விழும் என்று அவர் கண்டுகொண்டிருந்தார்.

குடிக்குப் பின்னால் ஒரு சங்கதி வரும். அதை யாரும் பாட்டாக எழுதுவதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். மூக்குமுட்டக் குடித்துவிட்டுக் கட்டையாய்த் தூங்குகிறவனை உடம்பு எழுப்பினாலும் அவன் எழுந்திருக்க மாட்டான். விடிந்து பார்த்தால் படுக்கை நனைந்திருக்கும். ராஜாவாக இருந்தால் நனையாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. வாரத்தில் ஒருநாள் என்று தொடங்கியது, நாள்தோறும் என்று ஆகிவிட்டது.

படுக்கை போடுகிறவள் வேலம்மை. அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. காலையில் மெத்தையைத் துடைத்து, நனைந்த பக்கம் மதிலைப் பார்க்கவும் காய்ந்த பக்கம் ஊரைப் பார்க்கவும் போட்டுவிடுவாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

ஓர் ஆடி மாதக் காலையில் காற்று அடித்த அடியில் மெத்தை புரண்டுவிட்டது. கடைத்தெரு முழுவதும் அண்ணாந்து பார்த்தது.

"என்னடி இது, ராஜா மெத்தையில குளம் வெட்டியிருக்கு" என்றாள் கீரைக்காரி காமாயி. சாளரத்தில் நின்றிருந்த ராஜாவின் காதில் அது விழுந்தது.

அவமானம் பொறுக்காதவன் என்ன செய்வான்? பழியைத் தூக்கி அடுத்த ஆள்மேல் போடுவான். ராஜாவும் அதைத்தான் செய்தார். சபையைக் கூட்டி, "இரவில் யாரோ என் படுக்கையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

சபையில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். ஆனால் அதைச் சொல்ல யாருக்கும் இரண்டு கழுத்து இல்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

பிரதானி மட்டும் எழுந்தார். "மகாராஜா, தங்கள் பள்ளியறைக்குள் நுழைகிறவள் வேலம்மை ஒருத்திதான். இதில் ஆராய என்ன இருக்கிறது? நாட்டைவிட்டு அனுப்பிவிடலாம்."

வேலம்மைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய ஒரே மகளுக்கு ஒன்பதாம் மாதம். இன்றோ நாளையோ என்று இருந்தாள். அந்த நேரத்தில் தாய்க்காரி நாட்டைவிட்டுப் போவதென்றால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் யாரை நம்புவாள்? ஆனாலும் வேலம்மை வாயைத் திறக்கவில்லை. ராஜாவை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது எழுந்தான் சிட்டாண்டி. ராஜாவைச் சிரிக்க வைப்பது இவனுடைய உத்தியோகம். ராஜா இவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுகிறாரே என்று சபைக்காரர்களுக்கு இவன்மேல் தீராத வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, விசாரிக்காமல் இவளை அனுப்பிவிட்டு, இன்றிரவும் மெத்தை நனைந்தால் நாளைக்கு யாரை அனுப்புவது? அடியேனுக்குப் பதினைந்து நாள் கொடுங்கள். நனைத்தவரைச் சபையில் நிறுத்துகிறேன்."

பிரதானிக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. இவன் ராஜாவின் பெயரைச் சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் ஊர் போகும். எப்படியும் தொலைந்தான் என்று கணக்குப் போட்டு, "கொடுக்கலாம் மகாராஜா. காட்டாவிட்டால் வேலம்மையோடு இவரும் போகட்டும்" என்றார். கையோடு கையாக ஆணையைத் தாமே எழுதினார். "படுக்கையை நனைத்தவர் யாராயினும், அந்த மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு இந்நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டும்." ராஜா முத்திரை வைத்தார்.

வெளியே வந்ததும் வேலம்மை சிட்டாண்டியை மறித்தாள். காப்பாற்றச் சொல்வாள் என்றுதான் அவன் நினைத்தான்.

"ஐயா, உங்களக் கும்புட்டுக் கேக்குறேன். ராஜாவ மட்டும் சபையில காட்டிக் குடுத்துராதீங்க. மனுசன் ஒடஞ்சு போயிருவாரு."

"அப்ப நீ போறியா, மகள விட்டுட்டு?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று முதல் சிட்டாண்டி ராஜாவின் அறையில் தரையிலேயே படுத்தான். இரவில் அந்த அறையில் இருக்கும் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நாள் வெளியே வைக்கப் போவதாகவும், எதை வெளியே வைத்தால் மெத்தை நனையவில்லையோ அதுவே குற்றவாளி என்றும் ஊரெல்லாம் சொல்லி வைத்தான். முதல் நாள் வேலம்மையை நெற்களஞ்சியத்தில் பூட்டி வைத்தார்கள். மெத்தை நனைந்தது. இரண்டாம் நாள் பூனையை வெளியே விட்டார்கள். நனைந்தது. அடுத்த நாள் தண்ணீர்க் கூஜா போயிற்று, அதற்கடுத்த நாள் கட்டிலையே வேறு அறைக்கு மாற்றினார்கள். என்ன செய்தும் மெத்தை நனைந்தபடிதான் இருந்தது. சபைக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் ராஜா அவனைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். கூட யாரும் இல்லை.

"இன்னிக்கு எதை வெளிய வைக்கப் போற?"

"ஒண்ணுதான் பாக்கி மகாராஜா."

ராஜா பக்கத்தில் இருந்த மதுக்குடத்தைப் பார்த்தார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"முன்னாடியே தெரியும். இப்ப ஒரே அறையில வேற படுத்திருக்கேன்."

"அப்புறம் ஏன்டா பூனைய வெளிய தள்ளின? ராத்திரியெல்லாம் கத்திச்சு, பாவம்."

"நீங்களா கேக்கணும்னுதான். நான் சொல்லியிருந்தா என் தலையும் போயிருக்கும், குடமும் இங்கயே இருந்திருக்கும்."

ராஜா கல்மேல் உட்கார்ந்தார். "எனக்கும் தெரியும் சிட்டாண்டி. தெரியாத மாதிரி இருந்துட்டேன். ராணி இருந்து இதப் பாத்தா காறித் துப்பியிருப்பா."

"மாட்டாங்க. மாத்து வேட்டி எடுத்துக் குடுத்துட்டு, அப்புறமா நல்லாத் திட்டியிருப்பாங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் ராஜா அழுதுவிட்டார். குலுங்கிக் குலுங்கி அழுதார். சிட்டாண்டி விகடன்தான், ஆனால் எந்த நேரத்தில் வாயை மூட வேண்டும் என்று தெரிந்தவன். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அரண்மனை வைத்தியர் வந்தார். குடத்தை இப்போதே உடைக்கிறேன் என்று எழுந்த ராஜாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். "வேணாம் மகாராஜா. இத்தன வருசம் குடிச்ச உடம்பு, சட்டுன்னு நிறுத்தினா தாங்காது. வலிப்புகூட வரும். கொஞ்சங் கொஞ்சமாக் குறைப்போம். கஞ்சியும் இளநீரும் நிறையக் குடிங்க. ராத்திரி தனியா இருக்கக் கூடாது." குடத்துக்குள் தினமும் இரண்டு விரல் குறைத்து ஒரு கோடு கிழித்துக் கொடுத்தார்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. பட்டவருக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. ராஜாவுக்கு இரவில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கண்ணை மூடினால் கெட்ட கனவு. சிட்டாண்டி கஞ்சிக் கிண்ணத்தை வாயருகே பிடித்தான், நெற்றியைத் துடைத்தான், மாற்று வேட்டி கொடுத்தான். பிரதானிக்கு வாடை அடித்திருக்க வேண்டும், முன்னைவிட உசத்தியான மதுவாக அனுப்பி வைத்தார். வைத்தியர் போட்ட கோட்டுக்கு மேலே இருந்ததையெல்லாம் சிட்டாண்டி வாழைக்கு ஊற்றினான். அந்த வாரம் அரண்மனை வாழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன என்பார்கள். நான் அதை நம்பவில்லை.

பன்னிரண்டாம் நாள் ராஜா எழுந்து பார்த்தார். மெத்தை தொப்பலாக நனைந்திருந்தது. தலையணையை எடுத்து எறிந்தார்.

"இதுக்கா இத்தன பாடு? குடிச்சாலும் நனையுது, குறைச்சாலும் நனையுதே."

சிட்டாண்டி குனிந்து முகர்ந்து பார்த்தான். "மகாராஜா, நீங்களே மோந்து பாருங்க. இது வேற. இது வேர்வை. குடிய விடுறப்ப உடம்பு இப்படித்தான் கொட்டும், கொஞ்ச நாள்ல நிக்கும்னு வைத்தியர் சொன்னாரு."

ஒரு நாட்டின் ராஜாவும் அவருடைய விகடனும் மண்டியிட்டு ஒரு மெத்தையை முகர்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு ராஜா, "ஆமா" என்றார். அன்று அவர் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார்.

பதினைந்தாம் நாள் சபை கூடியது. மெத்தையை நடுவில் போட்டிருந்தார்கள். ஓரத்தில் வேலம்மை நின்றாள்.

"சிட்டாண்டியாரே, கெடு முடிந்தது. பெயரைச் சொல்லும். சொல்ல முடியாவிட்டால் வேலம்மைதான் என்று முடிவு செய்வோம்" என்றார் பிரதானி.

சிட்டாண்டி வேலம்மையைப் பார்த்தான், ராஜாவைப் பார்த்தான். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டினான். மெத்தையைத் தூக்கித் தலையில் வைத்தான்.

"நான்தான் நனைத்தேன். பதினைந்து நாளாக அந்த அறையில் படுத்திருப்பவன் நான். உத்தரவு கொடுங்கள், புறப்படுகிறேன்."

ராஜா எழுந்திருப்பார் என்று தெரிந்தே அவன் அப்படிச் செய்தான் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலையில் மெத்தையோடு வாசலை நோக்கி நடந்தவன் ஒருதரம்கூட ராஜாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இறக்கு அதை" என்றார் ராஜா.

அவர் சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்தார். எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார். "அவன் பொய் சொல்கிறான். என் படுக்கையை நனைத்தவன் நான். குடித்துவிட்டு நினைவில்லாமல் நனைத்தேன். இப்போது குடியை விடப் பார்க்கிறேன், வேர்த்து நனைக்கிறேன். வேலம்மை என் மானத்தை இரண்டு வருஷம் மறைத்து வைத்தாள். நான் அவள்மேலேயே பழி போட்டேன்."

பிரதானி ஓலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என் நெஞ்சு வெடிக்கிறது மகாராஜா. ஆனால் 'யாராயினும்' என்று ஆணையில் இருக்கிறது, தங்கள் முத்திரையும் இருக்கிறது. தாங்கள் எல்லை தாண்டியபின் நாட்டை அடியேன் கவனித்துக்கொள்கிறேன்."

"பிரதானி சொல்வது சரி. ஆணை என்றால் ஆணை. ஓர் எழுத்துகூடத் தப்பக் கூடாது. வாருங்கள் மகாராஜா" என்றான் சிட்டாண்டி. மெத்தையை ராஜாவின் தலையில் தூக்கி வைத்தான்.

நாடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லை வந்துவிடும், அவ்வளவுதான். ராஜா மெத்தையைச் சுமந்துகொண்டு கடைத்தெரு வழியாக நடந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. காமாயி கூடையை இறக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"அன்னிக்கு வாய்த்துடுக்கா பேசிட்டேன் மகாராஜா. எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். அந்த ஆளு பாயக் கொல்லையில ஒளிச்சுத்தான் காயப் போடுவேன். நீங்க வெளிய சொல்லிட்டீங்க. தைரியமாப் போங்க."

சொல்லிவிட்டு மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையை வேலம்மை பிடித்தாள். பின்னால் ஊர் ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் வைத்தியரைச் சூழ்ந்துகொண்டு, தினமும் எத்தனை விரல் குறைக்க வேண்டும் என்று மெதுவாக விசாரித்தபடி வந்தார்கள்.

எல்லையில் ஒரு வாய்க்கால். ராஜா அதைத் தாண்டினார். அந்தக் கரையில் மெத்தையை இறக்கி வைத்தார்.

சிட்டாண்டி ஓலையைப் பிரித்து உரக்கப் படித்தான். "'மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு இந்நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டும்.' தாண்டியாகிவிட்டது. ஓலையில் அதற்குமேல் ஓர் எழுத்தும் இல்லை. திரும்பி வாருங்கள் மகாராஜா, கூழ் ஆறுகிறது."

பிரதானிக்கு முகம் வெளுத்தது. "திரும்பி வருவதா? தாண்டுவது என்றால் போய்விடுவது என்றுதானே பொருள்?"

"எழுதியவர் தாங்கள். திரும்பக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் ஓலை என்ன கிழிந்தா போயிருக்கும்?"

ராஜா வாய்க்காலைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்தார். முத்திரை மோதிரத்தைச் சரிசெய்துகொண்டு, "பிரதானியாரே, மெத்தை அந்தக் கரையில் கிடக்கிறது. போய் எடுத்து வாரும். இனிமேல் உமக்கு அந்த வேலைதான்" என்றார். வீரபத்திரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்.

ராஜா கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வேலம்மையின் கையில் வைத்தார். "என்னை மன்னிச்சிரு தாயி."

"நீங்க பச்சத் தண்ணி குடிச்சிட்டு நல்லாத் தூங்குங்க சாமி, அது போதும். நான் வரேன், மகளுக்கு இடுப்பு வலி கண்டுருச்சுன்னு இப்பத்தான் சேதி வந்துச்சு" என்று அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவள் ஏறிக்கொள்ளத் தமது பல்லக்கைப் பின்னாலேயே அனுப்பினார் ராஜா.

பிறகு சிட்டாண்டியின் தோளில் கை போட்டார். "உனக்கு என்ன வேணும், கேளு."

"ஒரு மெத்தை குடுங்க மகாராஜா. பதினஞ்சு நாளாத் தரையில படுத்து முதுகு போச்சு."

"தரேன். ஆனா அதை என் கட்டிலுக்குப் பக்கத்துலயே போட்டுக்கிறியா? இன்னும் கொஞ்ச நாளைக்கு ராத்திரியில பயமா இருக்கும்டா." இதைச் சொல்லும்போது ராஜா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"போட்டுக்கிறேன் மகாராஜா. நடுவுல ரெண்டு முழம் இடம் மட்டும் விட்டுப் போட்டுக்கிறேன்."

ராஜாவுக்குச் சொன்னது விளங்க ஒரு நொடி ஆனது. விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.