ஃபிரிட்ஜுக்கு ஆகாத நாலு சொவரு

மொட்டப்பாளையத்துல சென்னியப்பன், ஆறுச்சாமி, வெள்ளிங்கிரின்னு அண்ணந்தம்பி மூணு பேரு. மூணு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை தேறும். அது யாருகிட்ட இருக்குன்னு அவங்களுக்கே தெரியாது.

மூத்தவன் சென்னியப்பனுக்குப் பொண்ணு தர மாரப்பன்னு ஒருத்தரு ஒத்துக்கிட்டாரு. ஒரே கண்டிசன்: "வீட்ல நல்ல ஃபிரிட்ஜ் இருக்கோணும். வெள்ளிக்கிழமை வந்து பாத்துட்டு வெத்தலை பாக்கு மாத்திக்கலாமுங்க."

ஃபிரிட்ஜ் வந்துச்சு. மாட்ட வந்த வயர்மேன், ஐப்பசி மாசமாச்சேன்னு சொல்லிட்டுப் போனாரு: "இடி இடிச்சா பிளக்கைப் புடுங்கிருங்க. ஃபிரிட்ஜைச் சொவத்துலருந்து தள்ளி வைங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் கறுத்துச்சு. டமார்!

வெள்ளிங்கிரி பிளக்கைப் புடுங்கினான். அதுவரைக்கும் சரி. அப்புறம் மூணு பேரும் தள்ளினாங்க.

"நில்லுங்கண்ணா!"ன்னான் ஆறுச்சாமி. "மேக்குச் சொவரு கிட்ட வருதே!"

"அப்ப வடக்கே தள்ளுடா."

"அங்கயும் ஒரு சொவரு இருக்குதுங்கண்ணா."

"நட்டநடுவுல வெச்சா?"ன்னான் வெள்ளிங்கிரி.

"நாலும் ஒரே தூரத்துல நிக்கும்டா. எதைன்னு நம்பறது?"

சென்னியப்பன் இடுப்புல கை வெச்சுக்கிட்டான். "இந்த வீட்டைக் கட்டினவனுக்கு அறிவே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் சொவரு வெச்சிருக்கான்."

வாசலுக்குத் தூக்கினாங்க. காம்பவுண்டுச் சொவரு. தெருவுக்குத் தூக்கினாங்க. எதிர்வீட்டுச் சொவரு. கடைசியில ஊருக்கு வெளிய, அறுத்த சோளக்காட்டு நடுவுல எறக்கினாங்க. சுத்திலும் ஒரு சொவரு இல்லை. மழை கொட்டுச்சு. ஃபிரிட்ஜுக்குக் குடை புடிச்சுட்டு மூணு பேரும் நனைஞ்சாங்க.

அந்த வழியா வேன்ல வந்த மாரப்பன் எறங்கினாரு. "ஏனுங் மாப்ளே, ஃபிரிட்ஜு காட்டுல என்னங் பண்ணுது?"

சென்னியப்பனுக்குக் கல்யாணமே இந்த ஒரு பதில்லதான் இருக்கு. நாலு சொவத்துக் கதையை ஒண்ணு விடாம சொன்னான்.

மாரப்பன் ஃபிரிட்ஜை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. தட்டிப் பாத்தாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"மாப்ளே... இதுக்கே நாலு சொவரு இருக்குதுங்களே!"

மூணு பேரும் பதறிப்போய் எண்ணிப் பாத்தாங்க. நாலேதான்.

"பதறாதீங்க, நானிருக்கேன்"னவரு, வேன்லருந்து ஸ்பானரை எடுத்தாரு. கதவு கிழக்குக் கோடிக்குப் போச்சு. முதுகு மேக்குக் கோடிக்கு. ரெண்டு விலாவும் தெக்கே ஒண்ணு, வடக்கே ஒண்ணு. நடுவுல ஐஸ் டிரே மட்டும் குடைக்கடியில பத்திரமா உக்காந்திருந்துச்சு. அந்த டிரே முன்னாலயே நின்னு வெத்தலை பாக்கு மாத்திக்கிட்டாங்க.

"எம்புள்ள குடுத்து வெச்சவ"ன்னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு மாரப்பன். "ஒரு சாமானை இத்தனை பத்திரமாப் பாத்துக்கற குடும்பம் வேற எங்கீங்க கெடைக்கும்?"