ஒதுங்க வைத்த வீடு

செலின் டீச்சரிடம் படம் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் தூத்துக்குடியில் ஏராளம். அவர் சேர்த்துக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். டீச்சருக்கு முப்பதைத் தாண்டி அதிகம் ஆகியிருக்காது. ஆனால் அவர் வாயால் ஒரு ‘நல்லாருக்கு’ வாங்க நரைத்த தலைகளும் வாசலில் காத்துக் கிடந்தன.

அதில் ஒரு தலை சிவஞானத்தினுடையது. கப்பல் ஏஜென்சி ஒன்றில் கணக்கர். கல்யாண நாளுக்கு மனைவி வடிவு வாங்கிக் கொடுத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு, லீவு கிடைத்தபோதெல்லாம் ஊர் ஊராகப் போய் வந்தவர். ராஜஸ்தான் ஒட்டகம், காசிப் படித்துறை, வால்பாறைப் பனி என்று ஆல்பம் கனத்தது. அதை டீச்சர் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

செலின் கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் புரட்டினார்.

“உங்க வீடு எங்க அண்ணாச்சி?”

“மில்லர்புரத்துல, டீச்சர்.”

“அங்கருந்து ஒரு படம் கொண்டாங்க. பாத்துட்டுச் சேத்துக்கிடுதேன்.”

சிவஞானத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது? காலண்டர், கேஸ் சிலிண்டர், கரகரவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. ஒட்டகத்தைப் படம் பிடித்த கேமராவால் சிலிண்டரைப் பிடிப்பதா?

ஆனால் டீச்சர் சேர்த்துக்கொள்ளாவிட்டால் கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது என்று அவர் தனக்குள் முடிவு செய்திருந்தார். கண் இல்லாதவனுக்குக் கேமரா எதற்கு? ஆபீஸ் கணக்கை விட்டால் தனக்கென்று இருப்பது அது ஒன்றுதான் என்பது அவர் நினைப்பு. அதனால் பயமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹால் ஜன்னலில் நல்ல வெயில் விழுந்தது. கொடியில் கிடந்த துணியை அள்ளினார், வாளியைத் தள்ளினார், மாத்திரை டப்பாவை மறைத்தார். வடிவு வழக்கம்போல உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேமரா வெளியே வந்தால் அவள் உள்ளே. “ஆச்சு” என்று குரல் கேட்டால்தான் வெளியே வருவாள். முன்பெல்லாம் போகச் சொல்லவேண்டி இருந்தது, இப்போது அதுவும் வேண்டியதில்லை.

ஜன்னலோரம் ஒரு பித்தளைச் செம்பு, அதில் ஒற்றைச் செம்பருத்தி. படம் பளிச்சென்று வந்தது.

செலின் அதைப் பார்த்தார்.

“இதுக்காக என்னெல்லாம் ஒதுங்க வச்சீங்க?”

சிவஞானம் பெருமையாக அடுக்கிக்கொண்டே போனார். டீச்சர் கேட்டு முடித்துவிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, மோசம் என்றும் சொல்லவில்லை.

வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி அவர் மண்டையைக் குடைந்தது. ஒதுங்க வைத்தது போதாதோ?

அடுத்த வாரம் அடுப்படியில் இறங்கினார். வடிவு கொதிக்கிற குழம்பை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். மிக்ஸி, அஞ்சறைப் பெட்டி, கரித்துணி எல்லாம் வெளியேறின. துடைத்த மேடைமேல் ஒரே ஓர் எலுமிச்சம்பழம்.

“என்னெல்லாம் ஒதுங்க வச்சீங்க?”

“எல்லாத்தையும் டீச்சர்.”

அந்தப் படமும் கைக்குத் திரும்பி வந்தது.

அப்படியானால் ஒதுங்க வைத்ததுதான் தப்பு என்று அவருக்குப் பொறி தட்டியது. மூன்றாவது முறை வாளி, துணிக் குவியல், மாத்திரை டப்பா, மிக்ஸி எல்லாவற்றையும் ஜன்னல் வெயிலில் கொலு மாதிரி அடுக்கி எடுத்தார். இந்தத் தடவை டீச்சர் வாயடைத்துப் போவார் என்று நம்பிக்கொண்டே போனார்.

“இதுக்கு என்னத்த ஒதுங்க வச்சீங்க?”

“ஒண்ணும் இல்ல டீச்சர். அந்தச் செம்பையும் பூவையும் மட்டும்...”

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். செலினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

சிவஞானத்துக்கு அழுகை வராத குறை. வைத்தாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு என்றால் மனுஷன் என்னதான் செய்வான்? நீங்களே ஒரு நடை வந்து, அந்த வீட்டில் படம் பிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுங்கள் என்றார். குரலில் கோபம் இருந்தது. வருகிறேன் என்றார் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வடிவு காப்பி கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, மொட்டைமாடித் தொட்டி மூடியில் தேங்கும் தண்ணீரில் தினமும் வந்து குளிக்கும் ஒரு மைனாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அது சிறகை உதறுகிற விதத்தை இரண்டு கையாலும் செய்து காட்டினாள். செலின் காப்பியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு மைனா வருவது சிவஞானத்துக்குத் தெரியாது. அவர் கவனமெல்லாம் பின்வாசலில் விழுந்த வெயிலில் இருந்தது.

அவர் கேமராப் பையின் ஜிப்பை இழுத்தார். சத்தம் கேட்டதும் வடிவு பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள். உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது.

நாற்காலியை நகர்த்தினார். விளக்குமாறு, செருப்பு, பேப்பர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினார். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்து, டீச்சரிடம் காட்டினார்.

“என்னெல்லாம் ஒதுங்க வச்சீங்க அண்ணாச்சி?”

“நாற்காலி, விளக்குமாறு, செருப்பு, பேப்பர்.”

“அவ்வளவுதானா?”

அவர் வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். “அவ்வளவுதான்.”

சிவஞானம் சோர்ந்துபோய் எதிரே உட்கார்ந்தார்.

“எனக்குச் சத்தியமாப் புரியல டீச்சர். என் கண்ணுக்கு ஒண்ணுமே தட்டுப்படல. இந்த வீட்டுல நான் எதைத்தான் படம் எடுக்க?”

செலின் ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

“முதல்ல, படம் ஆச்சுன்னு அக்காகிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. அவங்க இன்னும் உள்ளயேதான் நிக்காங்க.”