படலைத் திறந்த பெரியவர்

"என் ரெண்டு கண்ணால பாத்தேன், தாயே. இதுக்கு மேல என்னத்த நிறுக்கப் போறீங்க?"

மலையேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே சடைமாயன் இதைக் கேட்டுவிட்டான்.

வெள்ளியம்மை குகை வாசலில் ஓலைத் தடுக்கைப் போட்டு உட்காரச் சொன்னாள்.

அவனைவிட அவள் வயதில் இளையவள். ஆனாலும் அந்தச் சீமையில் எல்லோருக்கும் அவள் தாய்தான். ஊர் வழக்கைத் தீர்க்கும் மீசை நரைத்த அம்பலக்காரரே அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனைக் கழுவில் ஏற்ற ஒற்றைச் சாட்சிதான் உண்டு என்றால், அந்தச் சாட்சி முதலில் மலைக்குப் போய் அம்மையிடம் தங்கிவிட்டு வர வேண்டும். அங்கே இருக்கும்வரை அவன் அவளுக்குச் சீடன். அவனுடைய சொல்லை அவள் நிறுப்பாள்.

எப்படி நிறுப்பாள் என்று யாரும் சொன்னதில்லை. போய் வந்தவர்கள் அந்தப் பேச்சை யாராவது எடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள்.

சடைமாயன் கண்மாயில் மடை திறப்பவன். அவன் தம்பி ஒச்சப்பனை யாரோ மண்வெட்டியால் மண்டையில் அடித்துக் கண்மாய்க்குள் தள்ளிவிட்டார்கள். பொழுது சாயும் நேரம். மடைமேல் நின்ற சடைமாயன் அதைப் பார்த்தான்.

அடித்தது உடையணன் என்றான். தண்ணீர் விடுவதில் அவர்களுக்குள் பழைய பகை. உடையணனைச் சாவடியில் கட்டிப் போட்டார்கள். கழுமரத்துக்கு மரமும் பார்த்தாகிவிட்டது.

பாக்கி இருப்பது இந்த மலை ஒன்றுதான்.

"கண்ணால் காண்பதும் பொய்னு பழமொழி சொல்லி அனுப்பிடாதீங்க, தாயே. அது எனக்கும் தெரியும்."

"தெரியும்னா, எவ்வளவு தெரியும்?"

இது என்ன கேள்வி என்று அவன் விழித்தான்.

அவள் ஒரு சட்டி நிறையக் குன்றிமணியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"நான் ஏதாச்சும் கேப்பேன். பதில் சொல்லிட்டு மணி வைங்க. சும்மா தோணுச்சுன்னா ஒண்ணு. சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுவேன்னா ஒரு கைப்பிடி."

"தங்கத்த நிறுக்கிற மணியாச்சே?"

"ஆமா."

அவள் முதல் கேள்வியைக் கேட்டாள்.

"படலைத் தொறந்துவிட்டாரே ஒரு பெரியவர், அவருக்கு எந்தக் காது அறுந்திருந்துச்சு?"

சடைமாயன் யோசித்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தம்பியை நினைத்துக்கொண்டு வந்தவன் அவன். குகைக்கு முன்னால் வேலிப் படல் திறந்தது. யாரோ திறந்தார்கள்.

"இடது காது."

ஒரு கைப்பிடி அள்ளி வைத்தான்.

அவள் அதை எடுத்து ஒரு கொட்டாங்கச்சியில் போட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

*

நாட்கள் போயின. கேள்விகள் வந்தபடி இருந்தன.

காலையில் எந்தக் கையால் கூழ் ஊற்றினேன்? சுனைக்குப் போகிற வழியில் முதலில் வருவது கள்ளியா, ஆவாரையா? நேற்று நான் சொன்ன கதையில் செத்தது மாமியாரா, மருமகளா?

சில கேள்விக்கு அவன் சட்டென்று சொன்னான். சில கேள்விக்குத் தடுமாறினான். ஆனால் மணி வைக்கும்போது கை தடுமாறவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு கைப்பிடி. அள்ளி வைக்கிறதுக்கு என்ன, காசா பணமா?

அவள் சில பிடிகளை ஒரு கொட்டாங்கச்சியிலும், சில பிடிகளை இன்னொன்றிலும் போட்டு வந்தாள்.

இடையிடையே பெரியவரைப் பற்றியும் கேட்டாள்.

"பெரியவர் இருமிக்கிட்டே இருந்தாரே. உங்க தூக்கம் கெட்டுச்சா?"

"கொஞ்சம்" என்றான். கைப்பிடி.

மறுநாள் உச்சிவெயிலில் அவன் குகைக்குள் படுத்திருந்தபோது வெளியே இருமல் கேட்டது. வறட்டு இருமல். எழுந்து எட்டிப் பார்த்தான். வெறும் பாறை. வெயிலில் காற்று நெளிந்தது. ஒரு ஓணான்கூட இல்லை.

இன்னொரு நாள் அவள் கேட்டாள். "பெரியவர் வேட்டியில கறை என்ன நிறம்?"

"காவி."

அன்று மாலை சுனையில் அவரைப் பார்த்தான். குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். அறுந்த இடது காது ஆடியது. வேட்டியில் காவிக்கறை.

"பெரியவரே" என்று கூப்பிட்டான்.

அவர் திரும்பவில்லை. சடைமாயனுக்கு ஏனோ இன்னொரு தடவை கூப்பிட வாய் வரவில்லை. அவர் பாட்டுக்கு நீர் அள்ளிக்கொண்டிருந்தார். தண்ணீரில் சத்தமே இல்லை.

*

ஒரு நாள் அவன் பொறுமை இழந்தான்.

"கூழையும் கள்ளியையும் கேட்டா நான் தப்பாத்தான் சொல்லுவேன், தாயே. மனுச மூஞ்சியக் கேளுங்க. அதுல நான் தவறமாட்டேன். என் தம்பியக் கொன்னவன் மூஞ்சி, தூங்குனாலும் முழிச்சாலும் முன்னாடி நிக்குது."

"சரி. பெரியவர் மூஞ்சியச் சொல்லுங்க."

அவன் சொன்னான். ஒட்டிய கன்னம். மேலுதட்டில் அம்மைத் தழும்பு. வலது புருவம் பாதி நரைத்தது. அறுந்த காது.

"எவ்வளவு உறுதி?"

சடைமாயன் சட்டியைக் கவிழ்த்தான். இருந்த மணியெல்லாம் பாறையில் கொட்டி உருண்டது.

வெள்ளியம்மை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கடைசி மணியைச் சட்டியில் போட்டாள்.

"இந்த மலையில பெரியவர் யாரும் இல்ல, அண்ணே."

"என்ன தாயே?"

"அன்னிக்குப் படலைத் தொறந்தது நான். இங்க நீங்களும் நானும்தான்."

சடைமாயன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அது விளையாடுகிற முகமாக இல்லை.



"நீங்க பொய் சொன்னீங்க. பெரியவர்னு நீங்கதான் சொன்னீங்க."

"நான் சொல்லல. கேட்டேன்."

"சுனையில நான் பாத்தேனே!"

"பாத்தீங்க."

"இருமல் கேட்டுச்சே!"

"கேட்டிருக்கும்."

"அப்ப அந்தத் தழும்பு? நரைச்ச புருவம்? அதெல்லாம் நீங்க கேக்கவே இல்லையே!"

"அதான் எனக்கும் பயமா இருக்கு" என்றாள் வெள்ளியம்மை.

*

காற்று நின்றுபோயிருந்தது. அவள் இரண்டு கொட்டாங்கச்சிகளையும் அவன் முன்னால் வைத்தாள். இரண்டிலும் விளிம்புவரை மணி.

"இது நீங்க சரியாச் சொன்னதுக்கு வச்ச மணி. இது தப்பாச் சொன்னதுக்கு."

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு."

"ஆமா."

"அப்ப பாதிக்குப் பாதி தப்பாச் சொல்லியிருக்கேன். அதுக்குத்தான சாட்சி செல்லாதுங்கிறீங்க?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"போன கோடையில ஒரு மோர்க்காரம்மா வந்தாங்க. உங்களவிட நெறையத் தப்பு. கூழ்ல உப்பு இருந்துச்சான்னு கேட்டா முழிப்பாங்க. ஆனா தப்பாச் சொல்ற எடத்துல எல்லாம் அவங்க கை சுருங்கிரும். ஒரு மணி வைப்பாங்க. அதையும் திரும்ப எடுக்கலாமான்னு பாப்பாங்க."

"அவங்கள என்ன பண்ணுனீங்க?"

"அவங்க சொல்ல ஏத்துக்கலாம்னு கீழ சொல்லி அனுப்புனேன்."

சடைமாயன் தன் கையைப் பார்த்தான். விரித்துப் பார்த்தான், மூடிப் பார்த்தான். மடைப்பலகையைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. அது தனக்குத் தெரியாமல் எதையோ செய்துவிட்டதுபோல் இருந்தது.

"அப்ப உடையணன் அடிக்கலையா, தாயே?"

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"ஒரு மணிகூட வைக்கமாட்டேன்."

அவனுக்கு அழுகை வந்தது. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த நாளில்கூட அவன் இப்படி அழவில்லை. அன்று பிடித்துக்கொள்ள ஒரு முகம் இருந்தது.

அவன் அழுது ஓயும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கண்மாய்க் கரையில மொதல்ல உங்ககிட்ட வந்தது யாரு?"

"எங்கம்மா."

"என்ன கேட்டாங்க?"

அவன் கண்மாய்க் கரையை நினைத்துப் பார்த்தான்.

தண்ணீருக்குள் குதித்துத் தம்பியை இழுத்துக் கரையேற்றினது நினைவு வந்தது. மடியில் கிடத்தினது நினைவு வந்தது. அம்மா தலைவிரி கோலமாய் ஓடிவந்தாள். அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உடையணன்தானடா? அவன் மூஞ்சியப் பாத்தேல்ல?"

"பாத்தேன்" என்றான் அவன்.

பிறகு ஊரே வந்து கேட்டது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் முகம் இன்னும் கொஞ்சம் தெளிந்தது. பல் தெரிந்தது. நெற்றியில் வேர்வை தெரிந்தது.

சடைமாயன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இப்பவும் அவன் மூஞ்சிதான் தெரியுது, தாயே. நீங்க இவ்வளவு சொன்ன பொறகும் அது போகல."

"போகாது."

"எது நான் பாத்தது, எது வந்து சேந்ததுன்னு எப்படிப் பிரிக்கிறது? அதுல ஒரு அடையாளம் இருக்காதா?"

"இருந்தா நான் எதுக்கு மலையில ஒக்காந்து மணி பொறுக்குறேன்?"

அவன் எழுந்து நின்றான். 

"நாளைக்குச் சபை கூடுது. எங்கம்மா மொத ஆளா வந்து ஒக்காந்திருக்கும். அங்க நான் என்ன சொல்லட்டும்?"

"நான் சொல்லமாட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லுங்க, தாயே. ஒரு உசுரு கெடக்கு. என் தம்பி உசுருக்கும் பதில் சொல்லணும்."

"நான் சொன்னா, நீங்க மலை எறங்குறதுக்குள்ள அதையும் பாத்துருவீங்க."

சடைமாயன் கும்பிட்டான். திரும்பி நடந்தான்.

படலைத் திறக்கக் கையை நீட்டினான். படல் ஏற்கெனவே திறந்திருந்தது. யாரோ ஒதுங்கி நின்று பிடித்துக்கொண்டிருப்பதுபோல், காற்றில்லாத அந்த நேரத்தில் அது ஆடாமல் விரியத் திறந்து நின்றது.

அவன் பக்கவாட்டில் பார்க்காமல் இறங்கினான்.

*

சாவடியில் நிற்க இடமில்லை. தூணில் கட்டியிருந்த உடையணன் தலையைத் தூக்கவில்லை. அவனுடைய பெண்டாட்டி கூட்டத்தின் ஓரத்தில் கும்பிட்ட கையோடு நின்றாள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒச்சப்பனின் துண்டை மடியில் வைத்திருந்தாள்.

"மலைக்குப் போய்ட்டு வந்தியா?" என்று அம்பலக்காரர் கேட்டார்.

"வந்தேன், ஐயா."

"அம்மை என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல."

கூட்டம் சலசலத்தது. இதற்குமுன் அப்படி நடந்ததில்லை.

"சரி, நீ சொல்லு. ஒந்தம்பிய அடிச்சது யாரு?"

சடைமாயன் கண்ணை மூடினான். மூடிய கண்ணுக்குள் உடையணன் வந்து நின்றான். பல், வேர்வை, எல்லாம் அப்படியே. பகலில் பார்க்கிற மனிதனைவிடத் தெளிவாக இருந்தான். அவனுக்குப் பின்னால், கரையில், அறுந்த காதோடு ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்துவிட்டான்.

"சொல்லுடா" என்றாள் அம்மா.

"ஐயா, அடிச்சவன் தண்ணி வழியிற கலுங்கப் பாத்து மேக்க ஓடுனான்."

"ம்."

"நான் கெழக்க, மடைமேல நின்னேன்."

சொல்லிவிட்டு அவன் நின்றுவிட்டான். இத்தனை நாளும் இதையும் சேர்த்துத்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தான். கேட்டவர்களும் தலையாட்டினார்கள்.

"அதுக்கென்னப்பா?" என்றார் அம்பலக்காரர்.

"அடிக்கும்போதும் அவன் இந்தப் பக்கம் திரும்பல, ஐயா. நான் பாத்தது முதுகு."

அம்மா எழுந்துவிட்டாள். துண்டு கீழே விழுந்தது.

"அப்ப மூஞ்சி?" என்று அம்பலக்காரர் கேட்டார்.

சடைமாயன் அம்மாவைப் பார்க்காமல் சொன்னான்.

"அது அப்பறமா வந்துச்சு, ஐயா."