ரேகையார் பிடித்த போலி

முந்திரிக் காடு முடிந்து தார் ரோடு தொடங்குகிற இடத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே மனிதர்களைவிடப் பொருள்களுக்கு வாய் நீளம். பெஞ்சு வம்பளக்கும். கதவு அலுத்துக்கொள்ளும். மின்விசிறி தன் பாட்டுக்கு முனகிக்கொண்டே சுற்றும். மனிதர்கள் இதையெல்லாம் அதிசயமாக நினைப்பதில்லை. தோன்றினால் பதில் சொல்வார்கள், இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருப்பார்கள்.

அந்த இடத்துக்கு ஒருநாள் கைரேகை இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. மாணவர் வருகை இனிமேல் கணினியில்தான், யாரும் கையால் எழுதக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. பொருளாதாரத் துறையின் வாசலில், ஆள் தோள் உயரத்தில் மாட்டினார்கள். கறுப்பு உடம்பு, நெற்றியில் ஒரு பச்சை விளக்கு, நடுவில் பளபளவென்று ஒரு கண்ணாடிக் கண். மாட்டின கையோடு அது சொல்லிவிட்டது: "என்னை மெஷினு கிஷினுன்னு யாரும் கூப்பிடக் கூடாது. ரேகையார்னு கூப்பிடணும்."

சரி, மரியாதை கேட்கிறதே என்று எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

திறப்பு விழாவன்று மாலை போட்டார்கள், சூடம் காட்டினார்கள். யாரோ பக்தி மிகுந்துபோய் அந்தக் கண்ணாடிக் கண்மேலேயே குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு விரல் வைத்த ஒருவரையும் ரேகையாருக்கு அடையாளம் தெரியவில்லை. துறைத்தலைவர் உட்பட மொத்தத் துறையும் ஆப்சென்ட்.

"ரிப்பன் வெட்டுனதே நான்தானய்யா!" என்றார் துறைத்தலைவர்.

"வெட்டுனவர் யாரோ. நீங்க வரலை," என்றார் ரேகையார்.

மறுநாள் துணியால் துடைத்ததும் கண் தெரிந்தது. ஆனாலும் முந்தின நாள் தன் கண் மறைந்திருந்ததென்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்குத் துறையே சொல்லி வைத்தாற்போல லீவு போட்டுவிட்டது என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்.

ரேகையாரின் முதுகிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி, சுவரோடு சுவராக ஓடி, தேர்வுப் பிரிவு அலுவலகத்தின் கண்ணாடி அறைக்குள் போய் முடியும். அங்கே சர்வரம்மா குடியிருந்தாள். மனிதர்கள் வியர்த்து வழிகிற கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் ஏசி. யார் எந்தப் பாடம் எடுத்தார்கள், யாருக்கு என்ன மார்க்கு, யார் எத்தனை நாள் வந்தார்கள், எல்லாம் அவள் மடியில். நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இருந்தால் அவளே ஹால் டிக்கெட்டுக்கு உத்தரவு கொடுப்பாள். குறைந்தால் கிடையாது. சாயங்காலமானால் ரேகையார் ஒயர் வழியாக வந்தவர் பேரையும் வராதவர் பேரையும் ஒப்பிப்பார். அவள் "ம்" என்பாள். அந்த ஒரு "ம்"முக்காக ரேகையார் பகல் முழுக்கக் காத்திருப்பார்.

அந்தத் துறையில் செவ்வந்தி என்று ஒரு பெண் படித்தாள். சேர்ந்த புதிதில் அவள் விரலை வைத்தால் ஆற்று மணலில் அலை படிந்த மாதிரி ரேகை தெளிவாக இருக்கும். ரேகையாருக்கே ரொம்பப் பிடித்த விரல் அது. பிறகு அவள் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை எடுத்தார்கள். அம்மாவோடு அவளும் விடியற்காலையில் உட்கார்ந்து உடைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். கொட்டை ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். கொஞ்ச நாளில் விரல் நுனியெல்லாம் உரிந்து, கூழாங்கல் போல வழுவழுவென்று ஆகிவிட்டது.

முதல் தடவை அந்த வழுவழு விரல் வந்தபோது ரேகையார் திடுக்கிட்டுப் போனார். "மீண்டும் முயற்சிக்கவும்," என்றார். அவள் வைத்தாள். "மீண்டும் முயற்சிக்கவும்." துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வைத்தாள். பெருவிரல், சுட்டுவிரல், மோதிரவிரல் என்று ஒவ்வொன்றாக வைத்தாள். ரேகையார் அசையவில்லை.

"என்னடி, உங்க மாமா இன்னிக்கும் கோவிச்சுக்கிட்டாரா?" என்று பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"கட்டிக்கிட்டா சரியாயிடுவாரு," என்று செவ்வந்தியும் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அலுவலகத்தில் போய்ச் சொன்னாள். தேர்வுப் பிரிவு சூப்பிரண்டெண்ட் தணிகாசலம் தலையை நிமிர்த்தாமல், "வச்சுக்கிட்டே இரும்மா, பழகிடும்," என்றார், ஏதோ புதுச் செருப்பைப் பற்றிச் சொல்வதுபோல. அவளும் நம்பினாள். தினமும் வைத்தாள்.

ரேகையாருக்கோ நெஞ்சு விம்மியது. கதவோரத்துப் பெஞ்சிடம் பெருமை அடித்துக்கொண்டார். "தெரியுமா சேதி? நான் ஒரு போலியைப் பிடிச்சிருக்கேன். நிஜச் செவ்வந்தி சேர்ந்த மாசத்தோட நின்னுட்டா. அவ பேரைச் சொல்லிக்கிட்டு எவளோ ஒருத்தி விரலே இல்லாத விரலோட வர்றா. நான் விடுவேனா?"

"அண்ணே, அது அவதான். என்மேலதான் தினம் உக்கார்றா. காலை ஆட்டிக்கிட்டே இருப்பா, எனக்கு இடுப்பு வலிக்குது."

"உனக்கென்ன தெரியும்? நீ உக்கார்ற பாகத்தைப் பாக்கறவ. நான் ரேகை பாக்கறவன்."

பெஞ்சு அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் அலுவலகத்துப் பிரிண்டர் இருமிக்கொண்டும் காகிதத்தைக் கடித்துக்கொண்டும் ஹால் டிக்கெட்டுகளைத் துப்பி முடித்தது. எல்லோருக்கும் வந்தது. செவ்வந்திக்கு வரவில்லை. திரையில் அவள் பேருக்கு நேராகச் சிவப்பாக ஒரு வரி: வருகை போதாது.

அவள் புரொபசர் இருதயராஜைக் கூட்டிக்கொண்டு தணிகாசலத்தின் மேஜைக்கு ஓடினாள்.

"சார், இந்த வருசம் போச்சுன்னா அவ்வளவுதான் சார். 'படிச்சது போதும், வீட்டோட கொட்டை ஒடை'ன்னு சொல்லிடுவாங்க. நான் ஒரு நாள்கூட மட்டம் போடலை சார்."

"நான் பழக்கதோஷத்துல தினம் பேர் கூப்பிடறவன்," என்றார் இருதயராஜ். "எழுதிக்கறதில்லை, அதான் உத்தரவு. ஆனா இவ தினம் 'உள்ளேன் ஐயா' சொல்றா. பாதி நாள் என்னைக் கேள்வி கேட்டு மடக்கறா. என் கண்ணால பார்க்கறேன்யா."

தணிகாசலம் பொறுமையாக விளக்கினார். "சார், நீங்க கண்ணால பாத்தீங்க. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா கண்ணுக்கு லாகின் ஐடி கிடையாதே."

"அப்ப யாருக்குத்தான்யா இருக்கு?"

"வாசல்ல மாட்டியிருக்காரே, அவருக்கு இருக்கு. வேணும்னா அவரையே கேட்டுருவோம்."

மூவரும் துறை வாசலுக்குப் போனார்கள். ரேகையார் இவர்கள் வருவதைப் பார்த்ததும் பச்சை விளக்கைப் பிரகாசமாக எரியவிட்டுக்கொண்டார். பாராட்டு விழா என்றே நினைத்துவிட்டார்.

"ரேகையாரே," என்றார் தணிகாசலம், "இந்தப் பொண்ணு விஷயமா..."

"தெரியும், தெரியும். இவதான் அந்தப் போலி! நிஜச் செவ்வந்தி சேர்ந்த மாசத்துக்கு அப்புறம் வரவே இல்லை. சர்வரம்மாகிட்டக் கேளுங்க."

ஒயர் வழியாகக் குளிர்ந்த குரலில் பதில் வந்தது. "வரவில்லை என்றுதான் சொல்லப்பட்டது."

செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரேகையாருக்கு நேர் எதிரே நின்றாள். அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது.

"சரி ரேகையாரே, நான் போலின்னே வச்சுக்க. இந்தப் போலி எப்பப்ப வந்தா?"

"எப்பப்பவா? தினம் வந்தா! நான் என்ன சும்மாவா இருந்தேன்? ஒரு நாள் விடாம வந்தா. மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தா. காலேஜே காலியாக் கெடந்த அன்னிக்குக்கூட வந்தா. ஒவ்வொரு நாளும் நான்தான் மூஞ்சிக்கு நேரா மறுத்தேன்."

"வந்து என்ன பண்ணா?"

"என்மேல உக்காந்தா," என்றது உள்ளேயிருந்து பெஞ்சு. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததாயிற்றே. "ஒரு வகுப்பு விடலை. காலை மட்டும் ஆட்டாம இருந்திருக்கலாம்."

"பேர் கூப்பிட்டா 'உள்ளேன் ஐயா' சொன்னா," என்றார் இருதயராஜ்.

செவ்வந்தி தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா சார்? நிஜச் செவ்வந்தி வரலை. அவ கெடக்கறா, விடுங்க. இந்தப் போலி ஒரு நாள் விடாம வந்திருக்கா, நல்லா படிச்சிருக்கா. ஹால் டிக்கெட்டை இந்தப் போலிக்குக் குடுத்துடுங்க!"

தணிகாசலத்தின் சர்வீஸில் போலிக்கு நூறு சதவீத வருகை இருந்ததாக நினைவில்லை.

ரேகையாரின் விளக்கு பச்சையும் சிவப்புமாக மாறி மாறி மினுக்கியது. தான் சொன்ன வார்த்தைகளை அவர் திரும்ப எண்ணிப் பார்த்தார். மறுத்தேன் என்று பெருமையாகச் சொன்னோமே. வராத ஒருத்தியை எப்படி மறுப்பது? தினம் எதிரில் ஒரு முகம் நின்றிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறோம். முதல்முறையாக அவருக்கு வியர்த்தது போலிருந்தது.

"சர்வரம்மா," என்றார் தாழ்ந்த குரலில், "இந்தப் பொண்ணு விஷயத்துல நான் வரலைன்னு சொன்னேனே..."

"ம்."

"அது வந்து... வரலைன்னு இல்லை."

"அப்படியானால் வந்தாளா?"

"அதையும் என்னால சொல்ல முடியாது. இது அவ விரலான்னு..." ரேகையார் இழுத்தார். துறைத்தலைவரிடம் விழாவன்று சொல்ல மறுத்த வார்த்தை அது. "எனக்குத் தெரியலை."

மின்விசிறி முனகலை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது.

"தெரியலை என்று ஒன்று இருக்கிறதா?" என்றாள் சர்வரம்மா. "என்னிடம் இரண்டு கட்டம்தான் இருக்கிறது. வந்தவர், வராதவர். நீ இதுவரை சொன்னதே இல்லையே."

"நீங்க கேக்கலை. நானும் சொல்லலை. தெரியலைன்னு வந்தப்பல்லாம் வரலைன்னு சொல்லிட்டேன். அதுதான் கவுரவமா இருந்துச்சு."

"ம்," என்றாள் சர்வரம்மா. அது வழக்கமான "ம்" இல்லை. கொஞ்சம் நீளமாக இருந்தது. "எனக்கே தெரியாததை நான் எப்படி முடிவு செய்வது? தெரியலை என்றால் மனிதர்கள் பார்த்துச் சொல்லட்டும்."

தணிகாசலத்துக்கு ஒரு விஷயம் மெதுவாக உறைத்தது. "அப்ப... நாங்க கண்ணால பாத்துக்கலாமா?"

"பார்க்கலாம்."

இத்தனை மாதம் கழித்து அனுமதி கிடைத்திருக்கிறது. தணிகாசலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, செவ்வந்தியை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட! நீ தினம் காலையில டீக்கடை ஸ்டாப்புல எறங்குற பொண்ணுதானே? கண்டக்டர்கிட்ட வாயடிச்சுக்கிட்டே எறங்குவியே!"

"ஆமா சார்."

"உன்னை எனக்கு நல்லாத் தெரியுமேம்மா!"

"தெரியும் சார். நேத்துகூட 'நல்லா படிக்கிறியா'ன்னு கேட்டீங்க. கேட்டுட்டு நேரா ஆபீஸ் போய் என்னை ஆப்சென்ட்ல வச்சிருக்கீங்க."

இருதயராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். தணிகாசலம் காதோரம் சொறிந்துகொண்டார். வேறொன்றும் பேசாமல் விறுவிறுவென்று அலுவலகம் போய், சர்வரம்மாவின் முன்னால் உட்கார்ந்து, வருகையைத் திருத்தி, "நான் பார்த்தேன்" என்று தன் பேரையும் போட்டார். அவள் மறுக்கவில்லை. பிரிண்டர்தான் மறுத்தது.

"இன்னொண்ணா? காலையிலருந்து அடிச்சு அடிச்சு எனக்கு மையே வத்திப்போச்சு."

"ஒண்ணே ஒண்ணுப்பா."

"இதைத்தான் எல்லாரும் சொல்றாங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே பாதியில் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. தணிகாசலம் அதன் முதுகில் ஒன்று வைத்தார். ஹால் டிக்கெட் வந்து விழுந்தது. போட்டோவில் செவ்வந்தியின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை ரேகையாரைத் தேர்வுக்கூட வாசலில் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். மாணவரானாலும் அலுவலரானாலும் விரல் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விடைத்தாள்களில் முத்திரை குத்தி முடித்துவிட்டு, வினாத்தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தணிகாசலம் அரக்கப்பரக்க ஓடிவந்தார். பெருவிரல் முழுக்க முத்திரை மை. அவசரத்தில் அப்படியே கொண்டுபோய்க் கண்ணாடிமேல் அழுத்தினார்.

ரேகையார் பார்த்தார். மறுபடி பார்த்தார். வெறும் ஊதா இருட்டு.

வரலை என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டார்.

"தெரியலையே," என்றார் பணிவாக.

"யோவ், நான்தான்யா, தணிகாசலம்! நேரமாகுதுய்யா!"

"இருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லலை. உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

தணிகாசலம் வினாத்தாள் கட்டோடு பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் வேண்டுமென்றே வானத்தைப் பார்த்தான்.

வரிசையின் நடுவிலிருந்து செவ்வந்தி கையை உயர்த்தினாள்.

"எனக்குத் தெரியும். சாரை உள்ள விடு."