டி.சி. கேட்கும் கடிதம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கல்லூரி விடுதியில் என் அறையில் தங்கியிருந்த மரகதம் சொன்னது. இது நடந்த பத்தாம் வகுப்பில் அவளும் படித்தாள்.

ஊர்ப்புறத்துச் சின்னப் பள்ளி. ஐந்து வருடமாக நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசல் போர்டில் எழுதியிருக்கும். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் பெயிலான இசக்கியம்மாளை ஹெட்மாஸ்டர் தனராஜ் கூப்பிட்டு, ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

“நீயாவே டி.சி. கேக்குற மாதிரி எழுதிக் குடு.”

பள்ளியை விட்டால் அவளுக்கு மில் வேலைதான். அப்பா மில்லுக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டிடம் சொல்லி வைத்திருந்தார்.

“காரணம் என்னன்னு எழுத, சார்?”

“உடம்பு சரியில்லைன்னு எழுது.”

“ஒரு நாள்கூட லீவு போடலைன்னு போன வாரம் குடியரசு தினத்துல நீங்கதானே சார் எவர்சில்வர் டம்ளர் குடுத்தீங்க.”

“அப்ப படிப்பு ஏறலைன்னு எழுது, தாயி.”

“கணக்கு மட்டும்தான் சார் ஏறலை. ரெண்டு வருஷமா கணக்கு டீச்சர் இல்லைங்கறதையும் சேர்த்து எழுதிர்றேன். நீங்க கீழ கையெழுத்துப் போட்டு கல்வி ஆபீசுக்கு அனுப்பிருங்க.”

பக்கத்திலிருந்த பி.டி. சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹெட்மாஸ்டர் தாளைத் திரும்ப வாங்கி மேஜைக்குள் வைத்தார்.

“போ. பரீட்சை எழுது.”

இதோடு கதையை முடித்துவிட்டு மரகதம் சிரித்தாள். எனக்கு மீதியும் தெரிய வேண்டியிருந்தது. போன மாதம் அந்தப் பள்ளிக்குப் போனேன். போர்டில் அந்த வருடத்துக்கு நேரே இருபத்தெட்டுக்கு இருபத்தேழு என்று இருக்கிறது. கிளார்க் பதிவேட்டைக் காட்டினார். இசக்கியம்மாள் நான்கு பாடத்தில் பாஸ். கணக்கில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும்.